கல்யாணம், பயணம், சாவு: எல்லாம் ஒரே வருடத்தில் வந்தால்

மனநல மருத்துவராக, முதல் சந்திப்பில் நான் எல்லோரிடமும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "போன ஒரு வருஷம் எப்படிப் போச்சு? மாசம் மாசமா சொல்லுங்க." தூக்கம் வரவில்லை, நெஞ்சு படபடக்கிறது, எதிலும் மனம் நிற்கவில்லை என்று வந்தவர்களுக்கு இந்தக் கேள்வி கொஞ்சம் சம்பந்தமில்லாததாகத் தோன்றும். ஆனாலும் சொல்வார்கள். மகளுக்குக் கல்யாணம் ஆனது. அதற்காக நிறைய அலைந்தோம். வீடு மாறினோம். நடுவில் அம்மா போய்விட்டார். அப்புறம் மகன் வெளிநாட்டுக்குப் படிக்கப் போனான், கூடப் போய்க் குடிவைத்துவிட்டு வந்தோம். இப்போது பேத்தி பிறந்திருக்கிறாள். "நல்ல வருஷம்தான் டாக்டர். குறை சொல்ல ஒன்னும் இல்ல."

கல்யாணத்தைப் பற்றி நிறையப் பேசுவார்கள். பயணத்தைப் பற்றி அதைவிட அதிகம். அம்மாவின் சாவுக்கு ஒரே ஒரு வாக்கியம், அதுவும் இரண்டு நல்ல செய்திகளுக்கு நடுவில். அதைச் சொல்லும்போது குரல்கூட மாறாது. இப்படிப்பட்டவர்களையும் அவர்களுடைய வீட்டாரையும் நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். இதில் வருகிறவர்கள் யாரும் தனி ஒரு மனிதர் இல்லை. பலரிடம் கேட்டதைக் கலந்து, அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன்.

முதலில் நல்ல நிகழ்ச்சிகளைப் பற்றி. கெட்டது நடந்தால்தான் மனசும் உடம்பும் களைத்துப்போகும், நல்லது நடந்தால் தெம்புதான் வரும் என்று நினைக்கிறோம். 1967இல் தாமஸ் ஹோம்ஸ், ரிச்சர்ட் ரே என்ற இரண்டு அமெரிக்க மனநல மருத்துவர்கள் 43 வாழ்க்கை நிகழ்வுகளைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றும் ஒருவரை எவ்வளவு தூரம் புதிதாகப் பழகிக்கொள்ள வைக்கிறது என்று பலரிடம் கேட்டு மதிப்பெண் போட்டார்கள். வாழ்க்கைத்துணையின் மரணத்துக்கு 100. நெருங்கிய குடும்பத்தவரின் மரணத்துக்கு 63. தன் கல்யாணத்துக்கு 50. வீட்டுக்குப் புது ஆள் வருவதற்கு 39. பிள்ளை வீட்டை விட்டுப் போவதற்கு 29. வீடு மாறுவதற்கு 20. விடுமுறைப் பயணத்துக்கும் 13. சந்தோஷமோ துக்கமோ, மாற்றம் மாற்றம்தான், அதற்குப் பழகிக்கொள்ள உழைப்பு வேண்டும் என்பதுதான் அந்தப் பட்டியலின் அடிப்படை.

முதலில் சொன்னேனே, "நல்ல வருஷம்தான்" என்றவர், அவருடைய வருடத்தை அந்தக் கணக்கில் போட்டுப் பாருங்கள். தாயின் மரணம், பேத்தி, மகளும் மகனும் வீட்டை விட்டுப் போனது, வீடு மாறியது, பயணம். கூட்டினால் 193. வருடத்துக்கு 150ஐத் தாண்டினால் உடல்நலம் கெட வாய்ப்பு கூடுகிறது என்றும், 300ஐத் தாண்டினால் இன்னும் அதிகம் என்றும் அவர்கள் வகுத்தார்கள். இந்த எண்ணை ஜோசியம்போல எடுத்துக்கொள்ளக் கூடாது. அமெரிக்கக் கடற்படையினரிடம் ரே இதைச் சோதித்து 1970இல் வெளியிட்டபோது, மதிப்பெண்ணுக்கும் நோய்க்கும் தொடர்பு இருந்தது, ஆனால் அது சிறிய தொடர்புதான். ஒரே நிகழ்ச்சி இரண்டு பேருக்கு ஒரே பாரமாக இருப்பதும் இல்லை. இருந்தாலும் "நல்ல வருஷம்தான், அப்புறம் ஏன் எனக்கு இப்படி இருக்கு?" என்று தன்னைத்தானே குற்றம் சொல்லிக்கொள்பவரிடம் இந்தப் பட்டியலைக் காட்டுவேன். படித்து முடித்ததும் பலருக்கு முகம் தெளியும். தன் களைப்புக்குக் காரணம் இருக்கிறது என்று தெரிவதே ஒரு ஆறுதல்.

இனி துக்கத்துக்கு வருகிறேன். வேலைகள் நெருக்கித் தள்ளும் ஒரு வருடத்தில் துக்கம் என்ன ஆகிறது?

மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஷூட் என்ற ஆய்வாளர்கள் 1999இல் இதைப் பற்றி ஒரு விளக்கம் தந்தார்கள். என் அனுபவத்தில் மற்ற எந்த விளக்கத்தையும்விட இதுவே மனிதர்களுக்குப் பொருந்திவருகிறது. துக்கத்தில் இருப்பவருக்கு இரண்டு பக்கம் வேலை இருக்கிறது. ஒன்று, இழப்பின் பக்கம் முகம் திருப்புவது: நினைப்பது, ஏங்குவது, அழுவது, பழைய படங்களைப் பார்ப்பது. இன்னொன்று, மாறிப்போன வாழ்க்கையைக் கட்டியெழுப்புவது: வங்கிக் கணக்கு, வீட்டு வேலை, பிள்ளைகளின் படிப்பு, புதுப் பொறுப்பு, சில நேரம் எல்லாவற்றையும் மறந்து சிரிப்பது. ஆரோக்கியமான துக்கம் இந்த இரண்டுக்கும் நடுவில் போய்வந்துகொண்டே இருக்கும். காலையில் அழுதுவிட்டு மாலையில் பேரப்பிள்ளையோடு விளையாடலாம். இதில் பொய் எதுவும் இல்லை.

ஒரு பெரியவர் மனைவி இறந்த சில மாதங்களில் நண்பர்களோடு சுற்றுலா போனார். அங்கே சிரித்தபடி எடுத்த படங்களைப் பார்த்து மகளுக்குக் கோபம். "அம்மா போய் இன்னும் வருஷம் திரும்பல, அப்பாவால எப்படி முடியுது?" அவரைத் தனியாகக் கேட்டேன். போன இடத்தில் ஒவ்வொரு இரவும் மனைவியோடு மனசுக்குள் பேசியிருக்கிறார், பார்த்ததை எல்லாம் சொல்லியிருக்கிறார். அதை மகளிடம் சொல்லவில்லை, அவள் அழுவாளே என்று. மகளும் தன் அழுகையை அப்பாவுக்குக் காட்டவில்லை. ஒரே வீட்டில் இருவரும் அடுத்தவருக்காகத் தங்கள் துக்கத்தை மறைத்துக்கொண்டு, அடுத்தவருக்குத் துக்கமே இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். இதை நான் அடிக்கடி பார்க்கிறேன். துக்கத்தில் ஒருவர் வேகமும் இன்னொருவர் வேகமும் ஒத்துப்போவது அபூர்வம். கணவன் மனைவி, அண்ணன் தங்கை என்று எவ்வளவு நெருக்கமாக இருந்தாலும் சரி.

நிகழ்ச்சிகள் நெருக்கியடிக்கும் வருடத்தில் சிக்கல் என்னவென்றால், இந்தப் போக்குவரத்து நின்றுவிடுகிறது. கல்யாண வேலை, விமானச் சீட்டு, புது வீட்டின் சாவி என்று இரண்டாவது பக்கமே நேரம் முழுவதையும் எடுத்துக்கொள்கிறது. இழப்பின் பக்கம் திரும்ப நேரமும் இல்லை, அனுமதியும் இல்லை. கல்யாண வீட்டில் யாரும் அழக் கூடாது. பிரசவித்த பெண்ணின் முன்னால் சாவைப் பற்றிப் பேசக் கூடாது. இப்படி வெளியிலிருந்தும் உள்ளிருந்தும் தடைகள்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். "அழாத துக்கம் பின்னால் வெடிக்கும்" என்று பலர் பயமுறுத்துவார்கள். ஆராய்ச்சி அப்படிச் சொல்லவில்லை. நெருங்கியவரை இழந்தவர்களில் கணிசமானவர்கள், பெரிய குலைவு எதுவும் இல்லாமல், துக்கத்தைத் தாங்கிக்கொண்டு நடமாடுகிறார்கள் என்பதை ஜார்ஜ் பொனானோ போன்ற உளவியல் ஆய்வாளர்கள் பல ஆண்டு ஆய்வில் காட்டியிருக்கிறார்கள். கண்ணீர் வரவில்லை என்பது நோயும் இல்லை, அன்பில்லை என்பதற்கு அடையாளமும் இல்லை. யாரையும் உட்காரவைத்து அழவைப்பது என் வேலை இல்லை. நான் கவலைப்படுவது வேறு விஷயத்துக்காக. வருடம் ஓய்ந்து, வேலைகள் குறைந்து, வீடு அமைதியாகும்போது துக்கம் தலைகாட்டினால், அதை அந்த மனிதர் துக்கம் என்றே அடையாளம் காண்பதில்லை. "அம்மா போய் எட்டு மாசம் ஆச்சு, அதெல்லாம் முடிஞ்சுபோச்சு" என்பார். எனவே தைராய்டு பார்ப்பார், இதயத்துக்குப் பரிசோதனை செய்வார், வயிற்றுக்கு மருந்து சாப்பிடுவார். பரிசோதனை செய்வது தவறில்லை, நானே எழுதிக்கொடுப்பேன். எல்லாம் சரியாக இருக்கிறது என்று வந்த பிறகும் காரணம் தெரியாமல் தவிப்பதுதான் கொடுமை.

துக்கத்துக்கு ஐந்து படிகள் உண்டு, மறுப்பில் தொடங்கி ஏற்பில் முடியும் என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. எலிசபெத் குப்ளர் ராஸ் என்ற மனநல மருத்துவர் 1969இல் அதை எழுதியபோது, சாகப்போகிறோம் என்று தெரிந்த நோயாளிகளிடம் பேசி எழுதினார். அன்பானவரை இழந்து நிற்பவர்களுக்கு அது பின்னாளில் ஒட்டவைக்கப்பட்டது. எல்லோரும் அந்த வரிசையில் ஏறிப்போகிறார்கள் என்பதற்கு ஆதாரம் இல்லை. "எனக்குக் கோபமே வரலையே டாக்டர், நான் இன்னும் ரெண்டாவது படிக்கே போகலையா?" என்று கேட்பவர்கள் உண்டு. படியும் இல்லை, தேர்வும் இல்லை. உங்களுக்கு வருகிற வரிசைதான் உங்கள் துக்கத்தின் வரிசை.

தூரத்தில் இருப்பவர்களின் துக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். குடும்பங்கள் பல நாடுகளில் பிரிந்து வாழும் காலம் இது. ஒரு இளைஞர். அப்பா தவறிவிட்டார் என்று நடு இரவில் போன். கிடைத்த விமானத்தில் ஏறி, இரண்டு இடங்களில் மாறி, போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. சில நாட்கள் வீட்டில் இருந்தார். கையெழுத்துகள், உறவினர்கள், அம்மாவை யார் பார்த்துக்கொள்வது என்ற பேச்சு. விடுப்பு முடிந்தது, திரும்பிவிட்டார். திரும்பி வந்த இடத்தில் அவருடைய வாழ்க்கையில் எதுவுமே மாறவில்லை. அதே அறை, அதே அலுவலகம், அதே மேசை. அங்கே அப்பா எப்போதும் இருந்ததில்லை, எனவே அங்கே அப்பா இல்லாமல் போகவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் அம்மா மட்டும் வரும்போதுதான் ஒரு நொடி திக்கென்று இருக்கும். அப்புறம் அதுவும் பழகிவிட்டது.

அடுத்த வருடம் ஊருக்குப் போய் வாசலில் நின்றபோது கால்கள் நகரவில்லை. அன்றுதான் அப்பா இறந்ததுபோல் இருந்தது என்றார். இறந்தவரோடு ஒரே வீட்டில் வாழ்ந்தவருக்கு, அவர் இல்லை என்ற உண்மையைக் காலி நாற்காலியும் ஆளில்லாத படுக்கையும் தினமும் சொல்லிக்கொடுக்கின்றன. வலிக்கும், ஆனால் மனம் அதைக் கற்றுக்கொள்கிறது. தூரத்தில் இருப்பவருக்கு அந்தப் பாடமே நடப்பதில்லை. எனவே ஒரு வருடம் கழித்து ஊருக்குப் போகும்போது முதல் வாரத் துக்கம் வந்தால் அது பைத்தியக்காரத்தனம் இல்லை. அந்தப் பயணத்தைத் திட்டமிடும்போதே, முதல் இரண்டு மூன்று நாட்களுக்கு வேறு எந்த வேலையும் வைத்துக்கொள்ளாதீர்கள் என்று சொல்வேன். உறவினர் வீடு, அலுவலக வேலை, பத்திரப் பதிவு எல்லாம் அப்புறம். வீட்டில் ஏற்கனவே இருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: நீங்கள் அழுது ஓய்ந்துவிட்டிருப்பீர்கள். வருகிறவர் இப்போதுதான் தொடங்குகிறார். "இப்ப எதுக்கு மறுபடியும்?" என்று கேட்காதீர்கள்.

கூடவே ஒரு குற்ற உணர்ச்சியும் வரும். நான் பக்கத்தில் இல்லை, கடைசிப் போனை எடுக்கவில்லை, போன முறையே போயிருக்கலாம். இதற்கு "உன் தப்பு இல்ல" என்ற ஒரு வரி பதில் போதாது. அதைச் சொன்னதும் பேச்சு முடிந்துவிடுகிறது, அவர் மனசுக்குள் வழக்கு முடிவதில்லை. என்ன நடந்தது, அன்று அவருக்கு என்ன தெரிந்திருந்தது, இன்று தெரிந்ததை வைத்து அன்றைய தன்னை எப்படி விசாரிக்கிறார் என்று ஒன்றொன்றாகப் பேச வேண்டும். சில நேரம் உண்மையிலேயே ஒரு தவறு இருக்கும். அதையும் மூடி மறைக்காமல் பேசினால்தான் அது மற்ற நினைவுகளையெல்லாம் விழுங்காமல் தன் அளவுக்கு நிற்கும்.

பிறப்பும் இறப்பும் அடுத்தடுத்து வந்த வீடுகளைப் பற்றி. ஒரு பெண்ணுக்குப் பிரசவமான சில நாட்களில் அப்பா இறந்தார். குழந்தையைப் பார்த்தால் அப்பா நினைவு, அப்பாவை நினைத்தால் குழந்தைக்கு ஆகாது என்ற பயம். சுற்றி இருந்தவர்கள் "அப்பாதான் பிள்ளையா வந்திருக்கார்" என்று ஆறுதல் சொன்னார்கள். அவருக்கு அது ஆறுதலாக இல்லை. குழந்தை குழந்தையாகவும் அப்பா அப்பாவாகவும் வேண்டும் என்றார். இப்படிப்பட்டவர்களைக் குடும்பமும் மருத்துவரும் கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டும். பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு நோய் வரக்கூடிய காலம் அது. "அப்பா போன துக்கம், சரியாயிடும்" என்று விட்டுவிட்டால் நோய் ஒளிந்துகொள்ளும். குழந்தை தூங்கும்போதும் தாய்க்குத் தூக்கம் வரவில்லை, குழந்தைமேல் எந்த உணர்வும் இல்லை, குழந்தைக்கோ தனக்கோ ஏதாவது ஆகிவிடும் என்ற எண்ணம் திரும்பத் திரும்ப வருகிறது என்றால் காத்திருக்க வேண்டாம்.

வெளியே சொல்ல முடியாத இழப்புகளும் அதே வருடத்துக்குள் இருக்கும். கருச்சிதைவு, முறிந்துபோன உறவு, பிரிந்த நண்பர், வளர்த்த நாய், முன்னாள் கணவரின் மரணம். "உனக்கென்ன அவர்கூட சம்பந்தம்?" என்று கேட்டுவிட்டால் அழும் உரிமையே போய்விடுகிறது. கென்னத் டோகா என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1980களிலிருந்தே, ஊர் ஒப்புக்கொள்ளாத துக்கம் என்று இதைத் தனியாக எழுதிவருகிறார். துக்கம் விசாரிக்க யாரும் வராத இழப்பு, விசாரிக்க ஊரே வந்த இழப்பைவிடப் பாரமாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

சரி, உடம்பைப் பற்றிச் சில விஷயங்கள். பயணமும் துக்கமும் சேர்ந்தால் தூக்கம் முதலில் கெடும். பல நேர மண்டலங்களைத் தாண்டிப் பறந்தால் உடலின் கடிகாரம் நாளைக்குச் சுமார் ஒரு மணி நேரம் வீதம்தான் புது நேரத்துக்கு நகரும், கிழக்கு நோக்கிப் போனால் இன்னும் சிரமம். எனவே திரும்பி வந்து முதல் வாரம் பத்து நாள் தூக்கம் சரியில்லை என்றால் ஜெட் லாக்மீது பழி போடலாம். மாதம் தாண்டியும் அதிகாலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது என்றால் அது பயணத்தால் அல்ல. தூக்க மாத்திரை கேட்பார்கள். மிகச் சில நாட்களுக்குக் கொடுப்பதுண்டு, ஆனால் துக்கத்துக்கு மருந்தாக மாதக்கணக்கில் கொடுப்பதை நான் ஏற்பதில்லை. பழகிவிடும், விடுவது கஷ்டம். மதுவுக்கும் இதே பதில்தான். தூங்கவைப்பதுபோல் தோன்றும், பாதி இரவில் எழுப்பிவிடும்.

நீண்ட நேரம் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்வது கால் ரத்தக் குழாய்களில் ரத்தம் உறைய வழிவகுக்கும். விமானம் மட்டுமல்ல, பேருந்து, ரயில், கார் எல்லாமே. உலக சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட ஆய்வின்படி, நான்கு மணி நேரத்துக்கு மேலான பயணத்தில் அந்த ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. சுமார் 6,000 பேரில் ஒருவருக்கு வரலாம், அவ்வளவுதான், பயப்பட வேண்டாம். ஆனால் சாவுச் செய்தி கேட்டு ஓடுபவர் தண்ணீர் குடிக்க மறப்பார், எழுந்து நடக்க மாட்டார். திரும்பி வந்த பின் ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சுத் திணறினாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இதயம் பற்றியும் அப்படித்தான். 2012இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில், மாரடைப்பு வந்த ஏறக்குறைய 2,000 பேரிடம் விசாரித்தபோது, நெருங்கியவர் இறந்த முதல் 24 மணி நேரத்தில் மாரடைப்பு அபாயம் வழக்கத்தைவிட 21 மடங்கு என்று தெரிந்தது. நாட்கள் போகப்போக அது குறைகிறது. ஏற்கனவே இதய நோய் இல்லாதவருக்கு அப்போதும் வாய்ப்பு குறைவுதான். மாரடைப்பு இல்லாமலே, தாங்க முடியாத அதிர்ச்சியில் இதயத் தசை திடீரென்று பலவீனமாகும் ஒரு நிலையும் உண்டு. ஜப்பானிய மருத்துவர்கள் 1990 வாக்கில் அதை விவரித்து 'டகோட்சுபோ' என்று பெயர் வைத்தார்கள். மாதவிடாய் நின்ற பெண்களுக்குத்தான் அதிகம். இரண்டையும் வீட்டில் இருந்தபடி பிரித்துச் சொல்ல முடியாது. சாவு வீட்டில் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால், "துக்கம் தாங்கல" என்று முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டு இருக்காதீர்கள். ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

இன்னொரு சின்ன விஷயம், ஆனால் நான் மிகவும் வற்புறுத்துவது: மாத்திரைகள். இழப்பு நடந்த வாரத்தில் பிபி, சுகர், வலிப்பு மருந்துகளைப் பலர் நிறுத்திவிடுகிறார்கள், வேண்டுமென்று அல்ல, யாருக்கும் நினைவில்லை. கணவருக்கு மாத்திரை எடுத்துக்கொடுத்தவர் மனைவி என்றால், மனைவி போனதோடு மாத்திரையும் போய்விடும். 1969இல் பிரிட்டனில் காலின் மர்ரே பார்க்ஸ் என்ற மனநல மருத்துவரும் அவருடைய குழுவினரும் 55 வயதுக்கு மேற்பட்ட 4,486 ஆண்களைப் பற்றி எழுதினார்கள். மனைவி இறந்த முதல் ஆறு மாதங்களில் அவர்களில் இறந்தவர்கள், அதே வயதுள்ள மணமான ஆண்களைவிட சுமார் 40 சதவீதம் அதிகம். உடைந்த மனம் ஒரு காரணம் என்றால், பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் போனதும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் எண்ணம். வீட்டில் ஒருவர் இந்த ஒரு வேலையை மட்டும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

சிலர் தயங்கித் தயங்கி, கதவைப் பார்த்துவிட்டுச் சொல்வது ஒன்று உண்டு: இறந்தவரின் குரல் கேட்டது, கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்ததுபோல் இருந்தது. பைத்தியம் பிடிக்கிறதோ என்ற பயத்தில் வருடக்கணக்காக யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார்கள். வேல்ஸில் டெவி ரீஸ் என்ற குடும்ப மருத்துவர் துணையை இழந்த 293 பேரிடம் கேட்டு 1971இல் எழுதினார். ஏறக்குறைய பாதிப் பேருக்கு இந்த அனுபவம் இருந்திருக்கிறது, பெரும்பாலோர் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை, பலருக்கு அது துணையாகவே இருந்தது. இதற்கு மருந்து வேண்டாம். அந்தக் குரல் மிரட்டினாலோ, ஏதாவது செய்யச் சொன்னாலோ மட்டும் வாருங்கள்.

பிள்ளைகளை மறந்துவிடுகிறோம். தாத்தா இறந்ததும் வீடு மாறியதும் பள்ளி மாறியதும் ஒரே சமயத்தில் நடந்த குழந்தைக்கு வயிற்றுவலி வரும், படுக்கையில் மீண்டும் சிறுநீர் போகும், தனியாகப் படுக்க மறுக்கும். ஐந்து நிமிடம் அழுதுவிட்டு விளையாட ஓடிவிடும், அதனால் புரியவில்லை என்று பெரியவர்கள் முடிவுகட்டுவார்கள். "தாத்தா தூங்கிட்டார்", "தாத்தா தூரமா ஊருக்குப் போயிருக்கார்" என்று சொல்லாதீர்கள். முதலாவதைக் கேட்ட குழந்தை தூங்கப் பயப்படும். இரண்டாவதைக் கேட்ட குழந்தை, அப்பா பெட்டி எடுத்துக்கொண்டு வெளியூர் கிளம்பும்போது அலறும். இறந்துவிட்டார், உடம்பு வேலை செய்வதை நிறுத்திவிட்டது, இனி வர மாட்டார், உன்னால் நடந்தது இல்லை, உன்னை நாங்கள் பார்த்துக்கொள்வோம். இதைச் சின்ன வார்த்தைகளில், கேட்கும்போதெல்லாம் திரும்பச் சொல்ல வேண்டும்.

எப்போது துக்கம் சிகிச்சை தேவைப்படும் நிலைக்குப் போகிறது? உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலிலும் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் 2022ஆம் ஆண்டுப் பட்டியலிலும் இப்போது நீடித்த துக்கக் கோளாறு என்று ஒன்று இருக்கிறது. முதலாவது ஆறு மாதம் என்கிறது, இரண்டாவது பெரியவர்களுக்கு ஒரு வருடம் என்கிறது. அவ்வளவு காலம் ஆன பிறகும், ஏறக்குறைய தினமும், இறந்தவருக்கான ஏக்கமோ அவர் நினைவோ முழுவதுமாக ஆட்கொண்டிருக்க வேண்டும். கூடவே தன்னில் பாதி செத்துவிட்டதுபோன்ற உணர்வு, நம்ப முடியாமை, நினைவூட்டும் எதையும் தவிர்ப்பது, மரத்துப்போனது, யாரோடும் ஒட்ட முடியாத தனிமை என்று பலவும் சேர்ந்து அன்றாட வாழ்க்கையையே முடக்கியிருக்க வேண்டும். இயற்கையான மரணத்தால் இழந்தவர்களில் பத்தில் ஒருவருக்கு இது வரலாம் என்று 2017இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் மதிப்பிட்டார்கள். விபத்து, கொலை, தற்கொலை போன்ற மரணங்களில் விகிதம் கூடும். இதற்கென்றே உருவாக்கப்பட்ட பேச்சுச் சிகிச்சை இருக்கிறது, கேத்தரின் ஷியர் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் வகுத்த முறையில் சுமார் 16 அமர்வுகள். பலன் தருகிறது. மனச்சோர்வு மாத்திரை மட்டும் இந்த ஏக்கத்தைத் தொடுவதில்லை. மனச்சோர்வு நோயும் சேர்ந்திருந்தால் அதற்கு உதவும்.

மனச்சோர்வு நோயும் துக்கமும் ஒன்றல்ல. துக்கம் அலைபோல் வந்து போகும், நடுவில் ஒரு நல்ல நினைவுக்குச் சிரிக்க முடியும், தன்மேல் மதிப்பு பெரும்பாலும் குலையாது. மனச்சோர்வில் எதுவுமே ருசிக்காது, நாளெல்லாம் ஒரே கனம், நான் எதற்கும் லாயக்கில்லை என்ற எண்ணம். "அவர் இருக்கிற இடத்துக்கே போயிடலாம்னு இருக்கு" என்று யாராவது சொன்னால் பதறவும் வேண்டாம், பேச்சை மாற்றவும் வேண்டாம். நேராகக் கேளுங்கள்: உயிரை விட்டுவிடலாம் என்று நினைக்கிறீர்களா, எப்படி என்று யோசித்திருக்கிறீர்களா? கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. ஆமாம் என்றால் அவரைத் தனியாக விடாமல், அன்றைக்கே மருத்துவரிடமோ அவசரப் பிரிவுக்கோ அழைத்துப் போங்கள். முதல் திதி, பிறந்தநாள், கல்யாண நாள் நெருங்கும் வாரங்களில் கூடுதலாகக் கவனியுங்கள். நன்றாகத் தேறியவர்களுக்கும் அந்த நாட்களில் எல்லாம் திரும்பி வரும்.

சந்திப்புகளில் நான் செய்வதில் பலருக்கும் பயன்பட்ட ஒன்றைச் சொல்கிறேன். வீட்டிலேயே செய்யலாம். போனில் இருக்கும் கேலரியைத் திறந்து, வருடத்தின் முதல் மாதத்திலிருந்து ஒவ்வொரு மாதமாகப் பாருங்கள். கல்யாண மாதத்தில் ஆயிரம் படங்கள் இருக்கும். பயணத்தில் இன்னும் அதிகம். நடுவில் சில வாரங்கள் வெறுமையாக இருக்கும், அல்லது மருத்துவமனை ரசீதும் ஆதார ஆவணங்களும் மட்டும் இருக்கும். அங்கே நிறுத்துங்கள். அந்த வாரங்களில் என்ன நடந்தது, யார் என்ன சொன்னார்கள், அவர் கடைசியாக என்ன பேசினார் என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள், அல்லது ஒரு தாளில் எழுதுங்கள். ஒரே மூச்சில் முடிக்க வேண்டியதில்லை, அரை மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். முடிந்ததும் எழுந்து வேறு வேலைக்குப் போங்கள். மூச்சு முட்டும் அளவுக்கு வந்தால், தனியாகத் தொடராமல் ஆலோசகரிடம் செய்யுங்கள். கல்யாண வீட்டில் ஓடியாடியவர்களில் பலர், இறந்தவரின் கதையை முதல் முறையாக முழுதாகச் சொல்வது இப்படித்தான்.

அவர்களுக்கு நெருங்கியவராக நீங்கள் இருந்தால், பெரிதாக எதுவும் சொல்ல வேண்டியதில்லை. இறந்தவரின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். "நிறைஞ்ச வாழ்க்கை", "கஷ்டப்படாம போயிட்டார்" என்று முடித்துவைக்காதீர்கள். "ஏதாவது வேணும்னா சொல்லுங்க" என்றால் யாரும் சொல்ல மாட்டார்கள்; வியாழக்கிழமை வந்து வங்கிக்குக் கூட்டிப்போகிறேன் என்றால் சரி என்பார்கள். முதல் மாதக் கூட்டத்தில் ஒருவராக இருப்பதைவிட, ஆறாவது மாதத்தில் ஒரு போன் செய்வது அதிகம் உதவும்.

மருத்துவரிடம் போகிறவர்களுக்கு: எந்த மருத்துவராக இருந்தாலும் சரி, வயிற்றுக்கோ தலைவலிக்கோ போனாலும் சரி, கடந்த வருடத்தில் நடந்த பெரிய நிகழ்ச்சிகளை ஒரு தாளில் தேதி வாரியாக எழுதிக்கொண்டு போங்கள். நல்லதையும் எழுதுங்கள். எத்தனை வீடு மாறினீர்கள், எவ்வளவு தூரம் பயணம் செய்தீர்கள், யார் இறந்தார், அப்போது நீங்கள் எங்கே இருந்தீர்கள், எந்த மாத்திரைகளை எப்போது நிறுத்தினீர்கள். மருத்துவர் கேட்காவிட்டாலும் அந்தத் தாளை நீட்டுங்கள்.